அம்மன் இறங்கிய பிள்ளை

மதுரை டாக்டர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாரிக்கனி நம்பவில்லை. ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போதே ஆரம்பித்தவள், அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, காரியாபட்டி தாண்டியும் வாயை மூடவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும், அவளுக்கென்ன!

“நெஞ்சுக்குள்ள சொவரு தடிச்சுப்போச்சாம்ல. சொவரு தடிச்சா வீடு கெட்டியா நிக்குமா, இடிஞ்சு விழுகுமா? நீயே சொல்லு. படிச்ச மனுசன் பேசுற பேச்சா இது?”

சன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் அனுசியா வெளியே ஓடும் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கால் மட்டும் தறி மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

“காலை ஆட்டாதடி. குடும்பத்துக்கு ஆகாது.”

கால் ஒரு நொடி நின்றது. திரும்பவும் ஆடியது.

அனுசியா ஆடுவது ரக்பி. எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே, ஷேர் ஆட்டோவை விட்டால் வேறு வண்டி எட்டிப் பார்க்காத அந்த ஊரில் ரக்பி என்றால் யாருக்கு விளங்கும்? முட்டைப் பந்து என்றால் விளங்கும். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடிக்கொண்டிருந்த பிள்ளை. ஏறி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்தாளென்றால் உடும்புப் பிடிதான். அருப்புக்கோட்டைக் காலேஜில் சேர்ந்ததும் விளையாட்டு டீச்சர் முருகலட்சுமி அந்தப் பிடியைப் பார்த்துவிட்டு, கையில் முட்டைப் பந்தைக் கொடுத்தார். பந்தைப் பின்னால்தான் எறியவேண்டும், ஓடுவது மட்டும் முன்னால். பந்து வைத்திருப்பவளை இடுப்பைக் கட்டி மண்ணில் சாய்க்கவேண்டும். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் புள்ளி. இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று ஊர் சிரித்தது. அவளோ ஜில்லா அணி, தமிழ்நாட்டு அணி என்று ஏறிக்கொண்டே போனாள். போன தை மாசம் புவனேஸ்வரத்தில் நடக்கவிருந்த இந்தியக் கேம்ப்புக்கு அவள் பெயர் வந்தது. போவதற்கு முன்னால் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். வந்தது வினை.

பிறவியிலேயே உள்ள கோளாறாம். ஓடி, முட்டி, மோதினால் துடிப்பு தப்பிவிடுமாம். தப்பினால் கீழே விழுகிற பிள்ளை எழுந்திரிக்காமலே போய்விடலாமாம். “நடக்கட்டும், வீட்டு வேலை செய்யட்டும், மாத்திரையை விடாமச் சாப்பிடட்டும். விளையாட்ட மட்டும் இன்னையோட விட்டுறணும்மா” என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். மாரிக்கனிக்குத்தான் பொறுமையில்லை.

அவள் நம்பாததற்குக் காரணம் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

அனுசியா பெரியவளாகாத வயதில், பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரியைச் சுற்றிப் பிள்ளைகள் கும்மியடித்தார்கள். கொட்டு வேகமெடுக்க வேகமெடுக்க இவளும் துள்ளித் துள்ளி ஆடினாள். ஆடிக்கொண்டிருந்தவள் கண் செருகிப் பொத்தென்று விழுந்தாள். பூசாரி இருளாண்டி வேப்பங்குழையால் அடித்தார், திருநீற்றை அள்ளிப் பூசினார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை கண்ணைத் திறந்து “தண்ணி” என்றது. அவ்வளவுதான்! “அம்மன் தண்ணி கேக்குறாடியோவ்!” என்று கூட்டம் குலவையிட்டது. குடம் குடமாய்த் தலையில் ஊற்றினார்கள். அன்று சாயங்காலம் வானம் பேருக்கு நாலு தூற்றல் போட்டுவிட்டுப் போனதா, ஊருக்கு அது போதும்.

அதற்குப் பிறகு ரெண்டு பொங்கலில் அதேபோல் விழுந்தாள். அம்மன் இறங்கிய பிள்ளை என்று ஆகிப்போனது. ஊரில் பாதிப் புஞ்சைக்குச் சொந்தக்காரியான தங்கத்தாயம்மாவே வெள்ளிக்கிழமை தோறும் வந்து, இந்தப் பொடிசின் கையால் திருநீறு வாங்கிக்கொண்டு போனாள். மாரிக்கனியும் அவள் புருசன் பால்ச்சாமியும் அந்தம்மா புஞ்சையில் களை எடுத்து, பருத்தி எடுத்து வளர்ந்தவர்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து ‘ஏ பிள்ள’ என்று கூப்பிடப்பட்டவளை, அன்றைக்குத்தான் முதன்முதலாக ‘மாரிக்கனி’ என்று வாய் நிறையக் கூப்பிட்டாள் தங்கத்தாய். அதன் ருசி மாரிக்கனிக்கு இன்னும் நாக்கில் இருந்தது.

அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டு பிள்ளை மண்ணில் புரண்டு விளையாடுவதா என்று ஊரில் பேச்சு வந்தபோதும் தங்கத்தாய்தான் வாயடைத்தாள். “அம்மன் இறங்குன பிள்ள. எங்க போனாலும் அவ கூடவே போவா. நீங்க ஒங்க சோலியப் பாருங்க” என்றாள். அப்படித்தான் அனுசியா ஊரைவிட்டு வெளியே ஓடமுடிந்தது. இப்போது ஒரு டாக்டர் வந்து அம்மனும் இல்லை ஒன்றுமில்லை, சுவர் தடித்துப்போச்சு என்றால் மாரிக்கனி ஒத்துக்கொள்வாளா?

மதுரையிலிருந்து திரும்பிய மறுநாளே கரிமூட்டத்தில் வேலை வந்துவிட்டது. இப்போது யார் வெள்ளாமையை நம்பிப் பிழைக்கிறார்கள்? வானம் பொய்த்த புஞ்சையில் சீமைக்கருவேலம்தான் மண்டிக் கிடக்கிறது. பால்ச்சாமி அதைக் குத்தகைக்குப் பிடித்து வெட்டி, துண்டு போட்டு, குன்று மாதிரி அடுக்கி, மேலே தழையைப் பரப்பி மண்ணைப் பூசித் தீ வைப்பான். உள்ளே தீ கனியவேண்டும், கொழுந்துவிட்டு எரியக்கூடாது. மண்ணில் ஓர் ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்தால் போச்சு, கரி மிஞ்சாது, சாம்பலைத்தான் அள்ளவேண்டும். அதனால் பகலெல்லாம் ஒருத்தர் மூட்டத்தைச் சுற்றி வந்துகொண்டே, புகை பீறிடுகிற இடத்தில் ஈரமண்ணை அப்பிக்கொண்டே இருக்கவேண்டும்.

அனுசியாவால் உட்கார முடியவில்லை. மூட்டத்தைச் சுற்றினாள். அப்பன் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள். அது போதவில்லையோ என்னவோ, தண்ணிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்கும் மூட்டத்துக்குமாக அலைந்தாள். சும்மா நிற்கும்போதும் குதிகால் தரையில் பாவவில்லை. சோறு வைத்தால் பாதியில் எழுந்தாள். அவளுக்கென்றே மாரிக்கனி வளர்க்கிற கோழிகளின் முட்டையை அவித்துக் கொடுத்தால், “இனி எனக்கெதுக்கும்மா முட்டை? ஆடவா போறேன்?” என்று தட்டைத் தள்ளினாள்.

“ஏன், ஆடுனா என்ன? அம்மன் இருக்கா. அந்த டாக்டரு என்ன அவளவிடப் பெரிய ஆளா?”

அனுசியா அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “நெசமாத்தாஞ் சொல்றியாம்மா?”

“பின்ன?”

அந்த வாரமே முருகலட்சுமி டீச்சர் பாளையம்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். மூட்டத்துப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கருவேல நிழலில் உட்கார்ந்தார். அனுசியா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவள் இல்லாததும் நல்லதுதான் என்பதுபோல் டீச்சர் நேராக விசயத்துக்கு வந்தார்.

“அக்கா, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கிளப்புல இருந்து நாகராஜுன்னு ஒருத்தர் அனுசியாவக் கூப்பிட்டுட்டு இருக்காரு. அங்க படம், டாக்டர் சர்டிபிகேட்டு எதுவும் கேக்கமாட்டாக. எறக்கி விட்ருவாக. தயவு செஞ்சு அனுப்பிராதீக.”

“என்ன டீச்சரு இப்படிப் பேசுறீக? எம்பிள்ளைய ஆட்டத்துல சேத்துவிட்டதே நீங்கதான?”

“நாந்தான்க்கா. அதான் தூக்கமில்லாம அலையுறேன். எனக்கு மட்டும் ஆசையில்லையா? இந்தியாச் சட்டை போட்டு அவ நிக்கிறதப் பாக்கணும்னு எவ்வளவு கனாக் கண்டேன். உசுரோட இருந்தாத்தானக்கா சட்டை போடுறதுக்கு.”

“வாயக் கழுவுங்க!” மாரிக்கனிக்குச் சுறுசுறுவென்று ஏறியது. “அம்மன் இறங்குன பிள்ள அது. அவளுக்கு ஒண்ணும் வராது.”

டீச்சர் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “இது குடும்பத்துல இருந்து வர்ற நோயாம்க்கா. சொந்தத்துல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காகளான்னு டாக்டரு கேட்டாராம்ல? நீங்க இல்லைன்னு சொன்னீகளாம்.”

“இல்லாததத்தான இல்லைன்னு சொல்ல முடியும்?”

மூட்டத்துக்கு அந்தப் பக்கம் மண் அப்பிக்கொண்டிருந்த பால்ச்சாமி நிமிர்ந்தான். பேசாத மனுசன். பேசினால் இப்படித்தான் ஏடாகூடமாகப் பேசுவான்.

“ஏன், ஒந்தம்பி கருத்தப்பாண்டி?”

“இந்தாருய்யா, கூறுகெட்டதனமாப் பேசாத. அவன முனியில்ல அடிச்சது!”

“மாடு விரட்டிக்கிட்டு ஓடுனவன் கண்மாய்க் கரையில குப்புற விழுந்தான். அம்புட்டுத்தான எல்லாரும் பாத்தது? முனியப் பாத்தது யாரு?”

உச்சி வெயிலில் முனி நடமாடுகிற கரை அது என்றும், இளவட்டமாகப் பார்த்து அறைந்துவிட்டது என்றும் அன்றைக்கு ஊரே சொன்னது. வருசா வருசம் முனிக்குச் சேவலும் சாராயமும் வைத்துக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். டாக்டர் கேட்டபோது மாரிக்கனி பொய் சொல்லவில்லை. முனி அடித்ததை நோய் என்று யாராவது சொல்வார்களா? தம்பி ஞாபகமே அப்போது வரவில்லை.

டீச்சர் எழுந்தார். போகும்போது மாரிக்கனியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

“ஏய், அந்தா பாரு, ஓட்டை!” என்று பால்ச்சாமி கத்தினான். அவள் காலடியிலேயே புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. அவள் பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து மாரிக்கனிக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மகள் குடத்தைத் தூக்கினால் “வை கீழ, நான் தூக்குறேன்” என்று ஓடினாள். அடுத்த நொடியே, ‘சே, டீச்சர் பேச்சைக் கேட்டு நாமளும் பயந்து சாகிறோமே’ என்று தன்னையே வைதுகொண்டாள். அம்மன் மேல் சந்தேகப்பட்டால் அவள் கோபித்துக்கொள்வாளே என்று வேறு பதறினாள். ஆனால் கண் மட்டும் அனுசியாவின் நெஞ்சிலேயே நின்றது. ஏறி இறங்குகிறதா, ஏறி இறங்குகிறதா என்று.

ஒரு சாயங்காலம் வீட்டில் அனுசியாவைக் காணவில்லை. முட்டைப் பந்தையும் காணவில்லை. மாரிக்கனி போட்டது போட்டபடி கண்மாய்க்கு ஓடினாள். வறண்டு வெடித்த கண்மாய்ப் பொட்டலில் மகள் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு இடது பக்கம் போவதுபோல் காட்டி வலது பக்கம் வெட்டினாள். எதிரே ஆளே இல்லை. இருக்கிற ஆட்களை எல்லாம் ஏமாற்றிவிட்டவள்போல், கடைசியில் பாய்ந்து பந்தைத் தரையில் அழுத்தி வைத்தாள்.

அப்படியே கிடந்தாள். எழுந்திரிக்கவில்லை.

“ஏத்தா! அனுசு!” மாரிக்கனி போட்ட சத்தத்தில் கரையில் மேய்ந்த ஆடுகள் சிதறின. கிட்டே போனபோது பிள்ளை மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு இரைத்தது.

“ஒண்ணுமில்லம்மா. சும்மாதாங் கெடக்கேன்.”

“எந்திரிடி மூதேவி!” என்று சொல்லிவிட்டு மாரிக்கனியும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, பந்த வாங்கிட்டு ஓடும்போது எப்படி இருக்கும் தெரியுமா? எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வீட்டுப் பிள்ளைன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாக. பிடிக்கத்தான் வருவாக. நான் தப்பிச்சுப் போயிட்டே இருப்பேன். அது இல்லாம எனக்கு எப்படி இருக்குன்னு சொல்லத் தெரியலம்மா. ஒடம்பெல்லாம் எறும்பு ஊருது.” அவள் ஒருக்களித்துத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். “நாகராஜ் சார் இன்னைக்கும் போன் பண்ணாரு. நாளைக்கு முடிவு சொல்லணும். நீ போன்னு சொல்லு, போறேன். போகாதன்னு சொல்லு, இங்கயே கெடக்கேன்.”

நேற்று வரைக்கும் ‘போ’ என்று எகிறிக்கொண்டிருந்தவள் மாரிக்கனி. இன்று அந்த ஓரெழுத்துச் சொல்லை அவளால் சொல்லமுடியவில்லை. ‘போகாதே’ என்றும் சொல்லமுடியவில்லை. சொன்னால் அம்மன் வந்தது பொய் என்று ஆகிவிடும். தங்கத்தாய் வாசலேறி வந்ததும் பொய், தம்பியை முனி அடித்ததும் பொய். முடிவைப் பெற்றவள் தலையிலேயே கொண்டுவந்து போட்டுவிட்டாளே இந்தச் சண்டாளி மகள்!

“அம்மன்கிட்டயே கேட்ருவோம்” என்றாள். “நாளைக்குப் பூக்கட்டிப் பாப்போம்.”

அந்தப் பக்கத்தில் கல்யாணமோ, கிணறு வெட்டோ, மனசு ரெண்டுபட்டால் அம்மன் காலடியில் பூக்கட்டிப் போடுவார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. ஒரே அளவு, ஒரே மடிப்பு. கும்பிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தால் அதுதான் அவள் வாக்கு. அதற்குமேல் யாரும் பேசக்கூடாது. வெள்ளை வந்தால் போவது, சிவப்பு வந்தால் பந்தைத் தொடுவதில்லை என்று ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் அனுசியா திருச்சுழி போய் மல்லிகையும் செவ்வரளியும் வாங்கி வந்தாள். பூவரசு இலையில் வைத்து நாரால் கட்டியதும் அவள்தான். மாரிக்கனி கரிக் கையோடு இருந்ததால் அவளைத் தொடவிடவில்லை. பூசாரி இருளாண்டி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கோயில் பூட்டைத் திறந்துவிட்டு, “நான் நின்னு எடுத்துத் தரவா?” என்றார். மாரிக்கனி வேண்டாம் என்றுவிட்டாள். விசயம் ஊருக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்தாள். ரெட்டியபட்டிக்குச் சவாரி காத்திருந்ததால் அவரும் வற்புறுத்தவில்லை.

அனுசியா கம்பிக் கதவுப் பக்கம் நின்றாள். மாரிக்கனி பொட்டலங்களைக் குலுக்கி அம்மன் முன்னால் போட்டாள். விழுந்து கும்பிட்டாள். ‘தாயே, என்னைச் சோதிச்சதெல்லாம் போதும். நீ இறங்கினது நெசம்னா நெசமான வாக்கைச் சொல்லு’ என்று மனசுக்குள் மன்றாடினாள். கண்ணை மூடிக்கொண்டு கைக்கு அகப்பட்டதை எடுத்து, மகளுக்கு முதுகைக் காட்டிப் பிரித்தாள்.

வெள்ளை.

அவள் இத்தனை நாளும் வாதாடியது இதற்காகத்தான். போ என்று அம்மன் சொல்லிவிட்டாள். குலவை போட்டிருக்கவேண்டும். அவள் கண்ணுக்குள்ளோ கண்மாய்க் கரையில் கருத்தப்பாண்டியைப் புரட்டிப் போட்டபோது அவன் உதட்டில் ஒட்டியிருந்த மண் தெரிந்தது. அந்த மண்ணைத் துடைத்துவிட்டவள் இவள்தான். அவன் இரைக்கவில்லை, கண்ணைத் திறந்து தண்ணி கேட்கவில்லை. அம்மனே சொன்னாலும் சரி, ஆகாசமே இறங்கிவந்து சொன்னாலும் சரி, மகளை அனுப்ப மாரிக்கனியால் ஆகாது. அது அவளுக்கு அந்த இடத்தில், அந்தப் பூவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பூவைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“செவப்பு” என்றாள்.

திரும்பினாள். அனுசியா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“செவப்பா?”

“செவப்புதான்.”

“நல்லாப் பாத்தியாம்மா?”

“ஏன், என் கண்ணு என்ன நொள்ளையா?”

அனுசியா எதற்கும் மல்லுக்கு நிற்கிற பிள்ளை. கையைத் திற, காட்டு என்று இந்நேரம் மேலே விழுந்து பிடுங்கியிருக்கவேண்டும். ஆனால் “சரிம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

எந்த நிமிசமும் திரும்பி வந்து பூவைக் காட்டு என்பாள் என்று மாரிக்கனிக்குப் பயம். மற்றப் பொட்டலத்தில் இருக்கும் செவ்வரளியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று அவசர அவசரமாக நாரை அறுத்தாள். இலையைப் பிரித்தாள்.

அதிலும் வெள்ளைதான்.

மாரிக்கனி ரெண்டு பூக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து விளங்கியது. அடி பாதகத்தி, அம்மன் காலடியிலேயே களவாணித்தனம் பண்ணியிருக்கிறாளே! அந்த அளவுக்கா ஆட்டத்தின் மேல் ஆசை! அப்படியென்றால், சிவப்பு என்று சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். நின்று முகத்தைப் பார்த்தாளே, அப்போதே தெரியும். தெரிந்துதான் சரிம்மா என்றாள்.

வெளியிலிருந்து போன் பேசுகிற சத்தம் கேட்டது.

“சார், நான் வரல... இல்ல சார், டாக்டருக்காக இல்ல... அம்மன்கிட்டக் கேட்டோம் சார். வேணாம்னு சொல்லிருச்சு.”

மாரிக்கனி பூக்களை அம்மன் காலடியில் வைத்தாள். கும்பிடத் தோன்றவில்லை. எழுந்து, கதவைப் பூட்டி, வெளியே வந்தாள். அனுசியா அடிகுழாய் மேடையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கால் ஆடவில்லை.

“பூ எங்கம்மா?”

“அவ காலடியிலயே வச்சிட்டேன்.”

“ரெண்டையுமா?”

“ரெண்டையுந்தான்.”

அனுசியா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த கையோடு முகம் கோணிக்கொண்டு வந்தது. அம்மாவின் வயிற்றைக் கட்டிக்கொண்டு, ஊர் கேட்க ஓவென்று அழுதாள். ஆளைச் சாய்த்துப் பழகிய பிடி, இடுப்பு வலித்தது. மாரிக்கனி விலகவில்லை. அவள் கண்ணும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

ரெட்டியபட்டி போய்த் திரும்பிய இருளாண்டியின் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. “என்ன மாரிக்கனி, பிள்ள இப்படி அழுகுது? மறுபடி அம்மன் இறங்கிட்டாளா?” என்று அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே பயபக்தியாகக் கேட்டார்.

“இல்ல சாமி. செருப்பப் போடுங்க. வண்டியத் திருப்புங்க, மதுரை பஸ்ஸப் பிடிக்கணும்.” மாரிக்கனி முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். “எந்தம்பிய முனி அடிக்கலன்னு அந்த டாக்டர்கிட்டச் சொல்லணும்.”